சுவரில் மாட்டிய பழைய படத்தை மீட்டெடுக்க: சட்டத்தைக் கழற்றுவது முதல் புதுப் பிரிண்ட் வரை

பழைய குடும்பப் படத்தைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் கால் மணி நேரத்திலேயே கோட்டை விடுகிறார்கள். முகத்தில் படிந்த பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். கண்ணாடியோடு ஒட்டியதைப் பிய்க்கிறார்கள். பழுப்பேறிய செலோடேப்பை உரிக்கிறார்கள். அப்படிப் போன முகத்தை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது.

இங்கே சொல்லும் முறையில் அசல் படத்தை யாரும் சரிசெய்வதில்லை. அதைக் கூடியவரை தொடாமல் நல்ல நகல் ஒன்று எடுக்கிறோம், வேலையெல்லாம் நகலில்தான். ஸ்டூடியோவில் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்தே படிகள் சொல்லப்படுகின்றன. கலர் படத்துக்கு எங்கே மாற வேண்டுமோ அங்கே அதையும் சொல்லியிருக்கிறோம்.

1. கையில் இருக்க வேண்டியவை

மென்மையான ஆட்டுமுடி பிரஷ் ஒன்று (புதிய மேக்கப் பிரஷ் போதும்), கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுபந்து, தூளில்லாத நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், மெழுகு தடவாத பல் நூல், வெள்ளைக் காகிதம், 2பி பென்சில். டப்பாவில் அடைத்து விற்கும் காற்று வேண்டாம். சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் படத்தின் மேல் தெறிக்கும்.

ஸ்கேனர் வாங்குவதானாலும் இரவல் கேட்பதானாலும் அது சிசிடி வகையா சிஐஎஸ் வகையா என்று பாருங்கள் (இவை ஸ்கேனருக்குள் படத்தைப் பார்க்கும் உணரியின் இரண்டு வகைகள்). எப்சன் பர்ஃபெக்ஷன் வி600 சிசிடி வகை. கேனன் லைட் வரிசை சிஐஎஸ். சிஐஎஸ் ஸ்கேனர் தன் கண்ணாடியை ஒட்டிக் கிடக்கும் பரப்பை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். ஓரிரு மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தாலும் மங்கிவிடும். ஓரம் வளைந்த படத்துக்கும், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்துக்கும் அது உதவாது.

மென்பொருளுக்கு இலவசமான கிம்ப் போதும். 2.10-க்குக் குறையாத பதிப்பாக இருக்கட்டும்; அதற்கு முந்தையவை 16 பிட் படத்தைக் கையாளாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது மெத்தென்று ஆகிவிடும். விரல் பட்டால் ரேகை பதியும். மாசி, பங்குனியில் பகல் நேரம் தோது.

2. முதலில் படத்தைப் படியுங்கள்

ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைச் சாய்த்துப் பாருங்கள். இருண்ட இடங்களிலும் ஓரங்களிலும் நீலமும் வெள்ளியும் கலந்த பளபளப்புத் தெரிந்தால், அது படத்திலுள்ள வெள்ளி மேலே வந்து படிந்தது. அழுக்கில்லை, துடைத்தால் போகாது. படம் முழுக்க மஞ்சளாக மங்கியிருந்தால், அன்று ஹைப்போவை (கழுவும்போது படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) சரியாகக் கழுவாமல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு.

உதட்டிலும் சேலைக்கரையிலும் மட்டும் நிறம் இருந்தால் அது கையால் வண்ணம் தீட்டிய படம். ஈரத்தை அண்டவே விடாதீர்கள். வண்ணம் பஞ்சோடு வந்துவிடும்.

பூஞ்சை பிடித்த படத்துக்கும் இதே விதிதான், காரணம்தான் வேறு. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று அதைத் தண்ணீரில் கரையக்கூடியதாக மாற்றிவிடுகிறது. பார்க்க முழுசாக இருக்கும் முகம் ஒரு சொட்டு நீரில் கூழாகும்.

இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிடுங்கள்: நெகட்டிவ் எங்காவது இருக்கிறதா? ஆல்பத்தின் பின்னுறை, டிரங்குப் பெட்டியின் அடிக்காகிதம் எல்லாம் பார்த்துவிடுங்கள். கிடைத்தால் பாதி வேலை மிச்சம். 120 பிலிமின் 6×6 சென்டிமீட்டர் நெகட்டிவை 2400 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஸ்கேன் செய்தால் ஒரு பக்கத்துக்கு 5,000-க்கு மேல் புள்ளிகள் கிடைக்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு ஸ்கேனரின் டிஜிட்டல் ஐஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிப்பது. வெள்ளி அந்த ஒளியை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும்.

3. சட்டத்திலிருந்து வெளியே எடுப்பது

முதலில் சட்டத்தோடு அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றும்போது ஏதாவது உடைந்தால் கையில் மிஞ்சுவது அதுதான்.

சட்டத்தைக் கண்ணாடி கீழே இருக்கும்படி துண்டின் மேல் படுக்கவையுங்கள். பின்னால் ஒட்டிய காகிதத்தை ஓரத்தில் அறுத்து, குட்டி ஆணிகளைக் குறடால் வெளிப்பக்கமாக மடக்குங்கள். நெம்பாதீர்கள், நெம்பினால் குறடின் மூக்கு அட்டையைக் குத்திப் படத்தில் இறங்கும். பின் அட்டையைத் தூக்கிய பிறகு படத்தை இழுக்காமல், ஒரு மூலைக்கு அடியில் காகிதத்தைச் செருகி மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்.

தடையில்லாமல் போனால் எடுக்கலாம். ஓரிடத்தில் காகிதம் நின்றாலும் அங்கே ஜெலட்டின் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அத்தோடு நிறுத்துங்கள். ஹேர் டிரையர், வெந்நீர் ஆவி, பிளேடு எதுவும் வேண்டாம். ஒட்டியிருப்பது பெரும்பாலும் நடு முகமாகவே இருக்கும். படம் நடுவில்தான் உப்பிக் கண்ணாடியைத் தொடும்.

ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சந்தனம், குங்குமம், ஊதுபத்திப் புகை படிந்திருக்கும். துணியை லேசாக நனைத்து அந்தப் பக்கத்தை மட்டும் துடையுங்கள். கண்ணாடியின் மேல் நேராகத் தெளித்தால் தண்ணீர் விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

பசை ஆல்பத்தில் ஒட்டிய படம் என்றால் பல் நூலை மூலையில் செருகி, மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே போங்கள். படத்தை மேலே தூக்காதீர்கள். வளைந்தால் ஜெலட்டின் வெடிக்கும். நூல் போகாவிட்டால் ஆல்பப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடலாம், ஒன்றும் குறையாது.

4. தூசியும் பூஞ்சையும்

படத்தைச் சற்றுச் சாய்த்து ஊதுபந்தால் முதலில் ஊதுங்கள். பிறகு பிரஷால் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரே திசையில் தட்டிவிடுங்கள். பிரஷை முதலில் எடுத்தால் மணல் துகளைப் படத்தின் மேல் தேய்த்ததாக ஆகும்.

பூஞ்சையை வெளியில், காற்றோட்டமான நிழலில், முகக்கவசத்தோடு தட்டுங்கள். அந்த பிரஷை வேறு படத்துக்கு எடுக்காதீர்கள். ஒரு படத்தின் பூஞ்சை ஆல்பம் முழுக்கப் போகும். ராமபாணப் பூச்சி அரித்த இடம் தோல் உரிந்ததுபோல் வெளுத்திருக்கும். அதன் விளிம்பில் செதில் தூக்கிக்கொண்டு நிற்கலாம், அங்கே பிரஷ் போகவே கூடாது.

செலோடேப் அப்படியே இருக்கட்டும். விபூதி, உருளைக்கிழங்கு, ரொட்டி, தேங்காய் எண்ணெய் என்று வீட்டு வைத்தியம் பல உண்டு. எல்லாமே எதையாவது தேய்ப்பதும் எதையாவது விட்டுவைப்பதும்தான்.

வெள்ளத்தில் நனைந்த படம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு வரிசை வேறு. ஈரமாக ஒட்டிக்கிடக்கும் படங்கள் காய்வதற்குள் பிரிக்க வேண்டும். சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, தானாகப் பிரிவதைப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் காயவையுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள். உடனே உட்கார நேரமில்லையா? பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அவகாசம் கிடைக்கும்.

5. ஸ்கேன்: இரண்டாவது வாய்ப்பு இல்லை என்று நினைத்துச் செய்யுங்கள்

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். கறைக்கும் மஞ்சளுக்கும் நிறம் உண்டு. அந்த நிறத்தை வைத்துத்தான் பின்னால் கறையைப் பிரித்தெடுக்கப் போகிறோம். கிரே ஸ்கேனில் கறையும் சாம்பல், முகமும் சாம்பல்.

அமைப்பு: 48 பிட் கலர் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 பிட்), டிஃப் (TIFF) கோப்பு. சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. ஸ்கேன் டிபிஐ-யை 300-ஆல் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாக்கலாம் என்று தெரிந்துவிடும். 600-க்கு இரண்டு மடங்கு, 1200-க்கு நான்கு மடங்கு. 35×45 மில்லிமீட்டர் படத்தை 1200-இல் எடுத்தால் 5×7 அங்குலப் பிரிண்ட் தாராளமாக வரும். அதற்கு மேல் டிபிஐ ஏற்றினால் காகிதத்தின் நார்தான் தெரியும்.

6×8 அங்குலப் படம் இந்த அமைப்பில் 3600×4800 புள்ளிகள், சுமார் 100 எம்பி வரும். இடம் அடைக்கிறதே என்று ஜேபெக்கில் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் ஜேபெக் கொஞ்சம் இழக்கும். 8 பிட்தான் என்பதால், மங்கிய படத்தின் கான்ட்ராஸ்டை ஏற்றும்போது முகத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும்.

ஸ்கேனர் மென்பொருளில் தானாகச் சரிசெய்யும் எல்லாவற்றையும் அணையுங்கள்: ஷார்ப்னெஸ், தூசி நீக்கம், கலர் மீட்பு, ஆட்டோ எக்ஸ்போஷர். ஷார்ப்னெஸ் தொடக்கத்திலேயே ஆன் ஆகியிருக்கும், கவனியுங்கள். இவை செய்த திருத்தத்தைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

துண்டு துண்டாகக் கிழிந்த படத்தை ஒட்டிவிட்டு ஸ்கேன் செய்யாதீர்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசை பார்க்க, ஒன்றையொன்று தொடாமல், ஒரே ஸ்கேனில் எடுங்கள். துண்டுக்குத் துண்டு திசை மாறினால் ஸ்கேனர் விளக்கு வேறு பக்கத்திலிருந்து விழும். காகிதத்தின் சொரசொரப்பு மாறி, சேர்த்த கோடு காட்டிக்கொடுக்கும்.

பட்டுத்துணிபோல் புள்ளிப்புள்ளியாக மேற்பரப்பு உள்ள ஸ்டூடியோ பிரிண்ட் புதியவர்களைத் திணறடிக்கும். அதற்கு இதே விளக்குத் திசைதான் மருந்து. படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்யுங்கள். கிம்ப்பில் இரண்டாவதைத் திருப்பி முதலாவதின் மேல் லேயராக (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தாள்போல) வைத்து, கண்ணும் கண்ணும் பொருந்தும்படி நகர்த்தி, ஒபாசிட்டியை (மேல் லேயர் எத்தனை சதவீதம் தெரிய வேண்டும் என்ற அளவு) 50 ஆக்குங்கள். ஒன்றில் நிழல் விழுந்த பக்கம் மற்றதில் வெளிச்சம். புள்ளி பெரும்பாலும் மறைந்துவிடும். போதாவிட்டால் 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு ஸ்கேன் எடுத்து, கீழிருந்து 100, 50, 33, 25 என்று ஒபாசிட்டி வையுங்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பேனாவில் எழுதிய பெயர், மூன்றும் அங்கேதான் இருக்கும்.

6. ஸ்கேனரில் வைக்க முடியாத படம்

சுருண்டு விறைத்த குரூப் போட்டோவை அமுக்கி விரிக்காதீர்கள். பெரிய படத்தையும் வெள்ளி மேலே படிந்த படத்தையும்கூட கேமராவால் எடுப்பதே மேல். படத்துக்கு இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, ஸ்டாண்டில் கேமரா, லென்ஸ் படத்துக்கு நேர் எதிரே. கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணி கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். கண்ணாடியில் விழும் உங்கள் பிம்பம் ஒழிந்துவிடும்.

செல்போன்தான் கதி என்றால், பிளாஷ் இல்லாமல், வராந்தா நிழலில், இரண்டு மடங்கு லென்ஸில், கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போனால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபடும்.

7. கறையை நிறத்தால் பிரிப்பது

ஸ்கேன் கோப்பை ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் திறக்கவே கூடாத ஃபோல்டரில் போடுங்கள். நகலை கிம்ப்பில் திறந்து, கலர்ஸ் மெனுவில் காம்போனன்ட்ஸ், அதில் டீகம்போஸ், ஆர்ஜிபி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் லேயராக வரும்; ஒவ்வொன்றும் ஒரு சேனல். மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

குங்குமம் சிந்திய படம் என்றால் சிவப்புச் சேனலில் கறை ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். நீல இங்க் தடம் நீலச் சேனலில் மங்கும். மஞ்சள், சந்தனம், தேநீர்க் கறை நீலத்தில் கருப்பாக நிற்கும், சிவப்பில் வெளுக்கும். மணிக்கணக்கில் கறையை ஒட்டிஒட்டி மறைப்பவர்கள் இந்த ஒரு படியை விட்டவர்கள்.

ஒரு முரண் இருக்கிறது. கறை இல்லாமல் படமே மஞ்சளாக வெளுத்திருந்தால் நீலச் சேனலைத்தான் எடுக்க வேண்டும். அங்கே மிஞ்சியிருக்கும் உருவமே மஞ்சள். மஞ்சள் நீலத்தில்தான் கருப்பாகத் தெரியும். சிவப்பில் பார்த்தால் வெற்றுக் காகிதம்போல் இருக்கும் முகத்துக்கு நீலத்தில் மூக்கும் மீசையும் வந்து நிற்கும்.

தேர்ந்த சேனலில் கர்வ்ஸ் (வெளிச்ச அளவை வளைகோட்டால் மாற்றும் கருவி) எடுத்துக் கருமையையும் வெண்மையையும் சரிசெய்யுங்கள். வேட்டியின் மடிப்புத் தெரிய வேண்டும். எண்ணெய் தடவி வாரிய தலையில் வகிடும் முடிக்கற்றையும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள். இதை இப்போதே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கீறலை மறைத்த பிறகு கான்ட்ராஸ்ட் ஏற்றினால், மறைத்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகக் கிளம்பும்.

சிவப்பேறிய பழைய கலர் பிரிண்டை இப்படிப் பிரிக்க வேண்டாம். இருட்டில் வைத்திருந்தாலும் சையன் (நீலப்பச்சை) சாயம் வெளுத்துப்போவதால் வருவது அந்தச் சிவப்பு. கர்வ்ஸில் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்து அதன் கருமையை ஆழப்படுத்தினாலே பெரும்பகுதி சரியாகும்.

8. கிழிசல், கீறல், புள்ளி: பெரியதிலிருந்து சிறியதற்கு

முதலில் துண்டுகளைச் சேருங்கள். ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்து, கோடுகள் தொடரும் இடத்தைப் பார்த்துப் பொருத்துங்கள்: நாற்காலிக் கை, சேலைக்கரை, தரை விரிப்பின் கட்டம். கிழிந்த காகிதத்தின் வெள்ளை விளிம்பை அழித்துவிட்டுப் பொருத்தினால் இடைவெளி பாதியாகும்.

அடுத்து, மேலே புதிய வெற்று லேயர் ஒன்று. ஹீல் (எடுத்ததைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஒட்டுவது), குளோன் (அப்படியே நகலெடுத்து ஒட்டுவது) இரண்டு கருவிகளிலும் சாம்பிள் மெர்ஜ்டு (கீழ் லேயர்களிலிருந்தும் எடுக்கும் வசதி) என்பதை ஆன் செய்து, திருத்தமெல்லாம் இந்த லேயரில் விழட்டும். தப்பானால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம்.

திரைச்சீலை, தரை, துணி போன்ற சமமான பரப்புக்கு ஹீல். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்புக்குக் குளோன். விளிம்பில் ஹீல் போட்டால் தலைமுடியின் கருமை நெற்றிக்குள் கசியும். புதியவர்களின் படத்தில் முகத்தைச் சுற்றித் தெரியும் புகைக்கு இதுதான் காரணம்.

பிரஷ் அளவு கீறலின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு போதும். நீளமான கீறலை ஒரே இழுப்பில் தீட்டாதீர்கள். சிறுசிறு தொடுதலாக, நாலைந்து தொடுதலுக்கு ஒருமுறை எடுக்கும் இடத்தை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரே புள்ளி வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். 100 சதவீத அளவில் வேலை செய்து, அவ்வப்போது முழுப் படத்தையும் பாருங்கள். 400 சதவீதத்தில் உட்கார்ந்தால் பிரிண்டில் யாருக்கும் தெரியாத புள்ளிக்காகப் பொழுது போகும்.

கரையான் அரித்த மூலையில் திரைச்சீலை மட்டும் இருந்தால் நிரப்பலாம், அல்லது வெட்டிவிடலாம். கையோ காலோ போயிருந்தால் கற்பனையாக வரையாதீர்கள். அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாம்பலில் மங்கவிடுவது கண்ணியமாக இருக்கும்.

9. முகம்

முகத்தைக் கடைசியில் தொடுங்கள். அதற்குள் கை பழகியிருக்கும். படத்தின் கிரெய்ன் (பரப்பில் தெரியும் பொடிப்பொடியான மணிகள்) எப்படி இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

கண்ணிமை, மூக்கோரம், உதட்டுக்கோடு மூன்றிலும் பிரஷை மிகச் சிறிதாக்குங்கள். ஒரு கண் போயிருந்தால் மற்றக் கண்ணைத் திருப்பி ஒட்டுவது பொதுவான தப்பு. விளக்குப் புள்ளி எதிர்ப்பக்கம் போய் மாறுகண்போல் ஆகிவிடும். அதே காலத்தில் எடுத்த அவருடைய வேறு படம் இருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

எதை நீக்குவது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கன்னத்துப் புள்ளி தூசியா மச்சமா என்று அவர்களுக்குத்தான் தெரியும். அம்மைத் தழும்பை மறைத்துவிட்டு, "இது யாரு?" என்று பாட்டி கேட்டால் வேலை முழுக்க வீண்.

ஏஐ கருவிகளின் சிக்கலும் இதுவே. ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் இரண்டும் எஃப்எஃப்ஹெச்க்யூ என்னும் 70,000 முகப் படங்களின் தொகுப்பில் பழகியவை. மங்கிய முகத்தில் இருப்பதைத் தெளிவாக்குவதில்லை, அங்கே இருக்கக்கூடிய ஒரு முகத்தை வரைகின்றன. மூக்குத்தி பருவாகத் தெரிந்து மறையும். விபூதிப் பட்டை வழித்தெடுக்கப்படும். பாம்படமும் தண்டட்டியும் உருகிய உலோகம்போல் ஆகும்.

பயன்படுத்துவதானால் கோட்ஃபார்மரில் ஃபிடெலிட்டி எண்ணை 1-க்கு அருகில் வையுங்கள். குறையக் குறைய முகம் அழகாகும், ஆனால் வேறு ஆளாகும். வரும் முகத்தைத் தனி லேயராக ஒட்டி, ஒபாசிட்டியை 30, 40-க்குள் நிறுத்தி, தோல் பகுதியை மட்டும் விட்டுக் கண், வாய், நகை எல்லாவற்றையும் மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள்.

தானாக நிறமேற்றுவதையும் நம்ப வேண்டாம். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பை உணராது. அதில் எடுத்த அரக்குச் சேலை கறுப்பாகத்தான் விழும். ஏஐ அதற்கு நீலமோ கறுப்போ கொடுக்கும்.

கடைசியாக, திருத்திய இடங்கள் மொழுமொழுவென்று தெரிந்தால் அங்கே மட்டும் மிகக் குறைந்த அளவில் நாய்ஸ் (பொடிப்புள்ளிகள்) சேருங்கள். ஷார்ப்பன் அதற்கும் பிறகு, பிரிண்ட் அளவுக்குக் கொண்டுவந்த பின்புதான். முன்பே போட்டால் விட்டுப்போன தூசியும் ஹீல் போட்ட ஓரமும் கூர்மையாகிவிடும்.

10. பிரிண்டும் புதுச் சட்டமும்

லேயர்கள் உள்ள கோப்பை கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் ஆகவே வைத்துக்கொண்டு, லேபுக்கு ஆர்ஜிபி நிலைக்கு மாற்றிய எஸ்ஆர்ஜிபி ஜேபெக் ஒன்றை 300 டிபிஐ-யில் கொடுங்கள். "கரெக்‌ஷன் போடாம அப்படியே அடிங்க" என்று வாயால் சொல்லிவிடுங்கள். லேபின் மென்பொருள் தானாகக் கான்ட்ராஸ்ட் ஏற்றும்; நீங்கள் காப்பாற்றிய வேட்டி மடிப்பு அங்கே போகும்.

12×18 அடிக்குமுன் 4×6-இல் ஒன்று எடுத்துப் பாருங்கள். கலர் காகிதத்தில் கறுப்பு வெள்ளை பச்சையாகவோ ஊதாவாகவோ சாயலாம். அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். மேட் காகிதம் கேளுங்கள்.

சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை கட்டாயம். இடைவெளி இல்லாததால்தான் பழைய படம் ஒட்டிக்கொண்டது. லேமினேஷன் செய்து கொடுப்பதாகச் சொன்னால் பிரிண்டுக்கு ஒப்புக்கொள்ளலாம், அசலுக்குக் கூடாது. பிறகு பிரிக்க வழியில்லை.

அசலை அமிலமற்ற காகிதத்தில் சுற்றி அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, படுக்கவைத்து, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பிவிசி உறை ஒட்டும். மேல்தட்டு வெயிலில் காயும், அடித்தட்டுக்கு ஈரமும் பூச்சியும் வரும். படத்தில் இருப்பவர்கள் யார் யார், இடமிருந்து வலமாக எந்த வரிசை என்பதைச் சுற்றும் காகிதத்தின் மேல், பிளாஸ்டிக் உறை என்றால் உடன் வைக்கும் காகிதச் சீட்டில், 2பி பென்சிலால் முதலில் எழுதிவிட்டு, பிறகு படத்தை உள்ளே நுழையுங்கள். பேனாவில் எழுதினால் இங்க் ஊறும். படத்தை உள்ளே வைத்துக்கொண்டு எழுதினால் அழுத்தம் முகத்தில் பதியும்.